நான்கு பரிமாணத்தில் ஒரு சாய்வெட்டு

10-ஐ 10-ஆல் பெருக்கி, வரும் நூறிலிருந்து 90-ஐக் கழித்தால் மறுபடி 10. அந்தப் பத்தை அதே மாதிரி பெருக்கிக் கழித்தாலும் பத்துதான். கோடி முறை செய்தாலும் அந்த எண் இருந்த இடத்தைவிட்டு நகராது. இப்போது தொடக்கத்தை இம்மியளவு மாற்றி 10.001 என்று வையுங்கள். அடுத்தது 10.02. அதற்கடுத்தது 10.4. பிறகு 18, பிறகு 240, பிறகு ஐம்பத்தேழாயிரத்துக்கும் மேல். பிடி விட்டுப்போனது, இனி அது திரும்பாது.

இந்தக் கணக்கில் இரண்டு எண்கள் இருக்கின்றன. தொடக்க எண் 10. ஒவ்வொரு முறையும் கூட்டும் எண் −90. ஓடிப்போகாமல் தங்கிவிடும் இத்தகைய எண் இணைகளையெல்லாம் ஒன்றுதிரட்டினால் ஓர் உருவம் கிடைக்கும். மாண்டல்பிராட் கணம் என்று எல்லோரும் பார்த்திருக்கும் அந்த மொட்டு மொட்டான கறுப்புப் படம், அந்த உருவத்தின் ஒரே ஒரு வெட்டுமுகம். 10, −90 என்ற இணை அந்தப் படத்தின் எல்லைக்கு வெகு தொலைவில் கிடக்கிறது. ஆனாலும் அதே உடலின் ஒரு துகள்தான்.

விதி மிகச் சிறியது. ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கு. மாறாத ஓர் எண்ணைக் கூட்டு. வந்ததை மறுபடி அதே விதிக்குள் போடு. இரண்டு எண்களும் கலப்பெண்களாக இருக்கலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என இரண்டு கூறுகள். ஆக மொத்தம் நான்கு கூறுகள், நான்கு திசைகள். கணினித் திரையிலோ இரண்டு திசைகள்தான். இரண்டை நிறுத்திவைத்து மற்ற இரண்டை ஓடவிட்டால்தான் படம் வரும்.

தொடக்க எண்ணைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு, கூட்டும் எண்ணைத் தளம் முழுக்க உலவவிட்டால் மாண்டல்பிராட் படம். கூட்டும் எண்ணை ஓரிடத்தில் கட்டிவைத்து, தொடக்க எண்ணை உலவவிட்டால் ஜூலியா படம். காஸ்தோன் ஜூலியாவும் பியேர் ஃபாத்துவும் முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளிலேயே இரண்டாவது வகையைத் துருவி ஆராய்ந்தார்கள். ஜூலியாவின் பெரிய கட்டுரை வெளிவந்தது 1918-இல். கணினி கிடையாது, படமும் கிடையாது, அறிவின் கண்ணால் பார்த்ததுதான். 1980-இல் ஐபிஎம் நிறுவனத்தின் யார்க்டவுன் ஹைட்ஸ் ஆய்வகத்தில் பென்வா மாண்டல்பிராட் முதல் வகையை அச்சுப்பொறியில் கண்டார். இந்த இரண்டு வெட்டுகளும் சேர்ந்து உலகத்தின் சுவர்களையும் நாட்காட்டிகளையும் புத்தக அட்டைகளையும் நிரப்பின. இரண்டையும் தன்னுள் வைத்திருக்கும் நான்கு பரிமாண உடலுக்கு ஜூலிப்ராட் என்று பெயர். அதை வேறு கோணங்களில் வெட்டிப் பார்ப்பவர்கள் அன்றும் இன்றும் குறைவு.

மரம் அறுக்கும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே தேக்குக் கட்டையைக் குறுக்கே அறுத்தால் வளையங்கள். நெடுக்கே அறுத்தால் கோடுகள். சாய்த்து அறுத்தால் இரண்டிலும் இல்லாத சுடர் வடிவங்கள் பலகையில் ஓடும். அந்தச் சுடரை யாரும் வரையவில்லை. அது வளையமும் அல்ல, கோடும் அல்ல. வாள் போன கோணத்தால் வெளிப்பட்டது. ஜூலிப்ராட்டின் சாய்வெட்டுகளில் எனக்குப் பிடித்துப்போனது இதுதான்: அவற்றில் விதியின் முதல் செயலான வர்க்கம், ஒரு வடிவமாகவே கண்ணுக்குத் தெரிகிறது. மாண்டல்பிராட் வெட்டில் தொடக்கம் பூஜ்யம் என்பதால் முதல் வர்க்கம் நடந்த சுவடே இல்லை. ஜூலியா வெட்டில் அது இரட்டைச் சமச்சீராக ஒளிந்துகொள்கிறது. இரண்டையும் கலந்து வெட்டும்போது அது பரவளையமாக வெளியே வந்து நிற்கிறது.

முதலில் ஆக எளிய கலப்பு வெட்டைப் பார்ப்போம். கற்பனைப் பகுதிகள் இரண்டையும் பூஜ்யமாக்கிவிடுங்கள். கிடை அச்சில் கூட்டும் எண், செங்குத்து அச்சில் தொடக்க எண். பள்ளிக்கூடக் கணக்கிலேயே இதன் எல்லையைக் கண்டுபிடித்துவிடலாம். வலது ஓரம் கால் என்ற இடத்தில் ஒரு நேர்க்கோடு. அது −½ முதல் ½ வரை செங்குத்தாக நிற்கிறது. அதன் இரு முனைகளிலிருந்தும் இரண்டு பரவளையக் கரைகள் இடப்பக்கம் விரிந்து போகின்றன. கோடு முடிந்து வளைவு தொடங்கும் இடத்தை எவ்வளவு உருப்பெருக்கிப் பார்த்தாலும் மூலை தட்டுப்படாது. கோடு வளைவைத் தொட்டுக்கொண்டே அதற்குள் போய்விடுகிறது. மேல்கரை −2-இல் 2 என்ற உயரத்தையும், −6-இல் 3 என்ற உயரத்தையும் தொடுகிறது. தொடக்கத்தில் சொன்ன 10, −90 இணையும் இதே கரையின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

கால் முதல் −2 வரை உள்ளே அடர்ந்த கறுப்பு. ஃபிராக்டலுக்குரிய சுருளோ மொட்டோ எதுவும் இல்லை. ஓவியர் அவசரப்பட்டு இந்த வெட்டை ஒதுக்கிவிடக்கூடும். −2-ஐத் தாண்டும் வரை பொறுத்தவருக்குத்தான் விருந்து. −2-இல் நிற்கும் செங்குத்துக் கோட்டின் நடுவில், தொடக்க எண் 0 இருக்கும் இடத்தில், ஒரு பிளவு திறக்கிறது. கூர்நுனி இல்லை, பரவளையத்தின் உருண்ட மூக்கு. அதே கோட்டில் அதே கணத்தில் 1.414-இலும் −1.414-இலும் இன்னும் இரண்டு பிளவுகள். 0.765, 1.848 இரண்டிலும், அவற்றின் எதிர்ப்பக்க இணைகளிலும், வேறு நான்கு. பிறகு எட்டு, பதினாறு. −2 என்ற அந்த ஒரே கோட்டில் எங்கே கை வைத்தாலும் பக்கத்தில் ஒரு பிளவின் மூக்கு இருக்கும். ஒரு கோட்டின் இந்தப் பக்கம் முழுக் கறுப்பு, அந்தப் பக்கம் எண்ணற்ற இழைகளாகக் கிழிந்த கறுப்பு. கிழிசல் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்குகிறது.

பிளவுகளின் அகலத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. 1.414-இல் திறப்பது நடுப் பிளவைவிட சுமார் 2.8 மடங்கு ஒடுங்கியது. 0.765-இல் இருப்பது 4.3 மடங்கு, 1.848-இல் இருப்பது 10 மடங்குக்கும் மேல். இரண்டு, நான்கு, எட்டு என்ற ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் கரையை நெருங்க நெருங்க மெலிகின்றன. −6 வரை போய்ப் பார்த்தால், நடுப் பிளவு −1.732 முதல் 1.732 வரை வாய் பிளந்திருக்கிறது. மிஞ்சிய மேல் துண்டு 1.732-க்கும் 3-க்கும் இடையே, அதிலும் 2.07 முதல் 2.78 வரை காலி. அந்தக் கோட்டில் கடைசியில் எஞ்சுவது காண்டர் தூசி, புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே எப்போதும் இடைவெளி.

நிறம் தீட்டும்போது இதன் நயம் இரட்டிப்பாகிறது. ஓடிப்போகும் எண் எத்தனையாவது சுற்றில் எல்லையைத் தாண்டியது என்பதைக் கொண்டே வழக்கமாக நிறம் தருவார்கள். நடுப் பிளவுக்குள் நிறப்பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி நிற்கும். 1.414-இல் உள்ள பிளவுக்குள்ளும் அதே அடுக்கு, அதே வரிசை, ஆனால் ஒரு சுற்று தாமதம். 0.765, 1.848 பிளவுகளில் இரண்டு சுற்று தாமதம். ஆகவே நடுப் பிளவில் மஞ்சள் விழுந்த பட்டை, அடுத்த தலைமுறையில் நிறவரிசையின் அடுத்த நிறத்தை ஏற்கிறது. அதற்கடுத்த தலைமுறையில் அதற்கும் அடுத்தது. ஓவியர் தேர்ந்தெடுத்த நிறவரிசை முழுவதும் பிளவுக்குப் பிளவு ஒரு படி நகர்ந்து, படத்துக்குள்ளேயே ஓதப்படுகிறது. நிறங்களை நிதானமாகச் சரியவிடும் வரிசை இங்கே நன்றாக எடுபடும். பளீரென்று மாறும் வரிசை வைத்தால் மெல்லிய பிளவுகள் வெறும் இரைச்சலாகிவிடும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். கிடை அச்சு அதே கூட்டும் எண். செங்குத்து அச்சில் தொடக்க எண்ணின் மெய்ப்பகுதிக்குப் பதிலாகக் கற்பனைப் பகுதி. முன்பு வெட்டிய அதே அச்சைச் சுற்றி வாளை 90 பாகை திருப்பியது போலத்தான். கிடைப்பது முட்டை வடிவம். வலப்பக்கம் காலில் 0.866 உயரத்தில் நேராக நறுக்கப்பட்டிருக்கிறது. பூஜ்யத்தில் சரியாக 1 என்ற உச்சத்தைத் தொட்டு, இடப்பக்கம் சரிந்து, −2-இல் உருண்டையாக மூடிக்கொள்கிறது. அதற்கப்பால் ஒரு தூசிகூட இல்லை. முந்தைய வெட்டு எந்தக் கோட்டில் ஆயிரமாயிரம் இழைகளாகப் பிரிந்ததோ, அதே −2-இல் இது அமைதியாக முடிந்துவிடுகிறது. −1 என்ற இடத்தில் இரண்டையும் ஒப்பிட்டால் இன்னொரு இன்பம். முதல் வெட்டின் உயரம் அங்கே 1.618, பொன் விகிதம். இரண்டாவதன் உயரத்தை வர்க்கப்படுத்தினால் 0.618, அதே விகிதத்தின் தலைகீழ். யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. வர்க்கமும் கூட்டலும் சேர்ந்து தாமாகக் கொண்டுவந்து வைத்தது.

அச்சுகளை ஒட்டிய வெட்டுகள் மொத்தம் ஆறு. மற்றவற்றைப் பற்றி ஒரு வரி போதும்: வெட்டு பூஜ்யத் தொடக்கத்தின் வழியாகப் போனால், கலப்பு வெட்டுகள் நான்குமே கூட்டும் எண்ணின் அச்சை நடுவாகக் கொண்டு கண்ணாடிபோல் சமச்சீராக இருக்கும். ஓர் எண்ணுக்கும் அதன் எதிர் எண்ணுக்கும் வர்க்கம் ஒன்றே என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

வாளைத் திருப்பாமல் வெட்டுமிடத்தை மட்டும் நகர்த்துவது இன்னொரு வழி. தொடக்க எண்ணைப் பூஜ்யத்திலிருந்து சற்றுத் தள்ளிவைத்து மாண்டல்பிராட் படத்தை மறுபடி வரையுங்கள். 1988-இல் தொடங்கிய ஃபிராக்டின்ட் என்ற இலவச மென்பொருளிலேயே இதற்கு இடம் இருந்தது. 256 நிறம் காட்டும் பழைய திரைகளில் பலர் இந்த எண்ணைத் திருகிப் பார்த்திருக்கிறார்கள். பழக்கப்பட்ட அந்தக் கறுப்பு உடல் உள்ளிருந்து அரிக்கப்படும். தொடக்க எண் 1 என்றால், மெய்யச்சில் 0 முதல் கால் வரை இருந்த வலது ஓரம் காணாமல் போகும். வெளியே, முன்பு வெறுமை இருந்த இடத்தில், தூசி மேகங்கள் முளைக்கும். எஞ்சும் கறுப்பு ஒருபோதும் பழைய எல்லையைத் தாண்டாது. தாண்டி நிற்பதெல்லாம் தூசி. தொடக்க எண் சுத்த மெய்யெண்ணாகவோ சுத்தக் கற்பனையெண்ணாகவோ இருக்கும்வரை மேலும் கீழும் ஒத்திருக்கும். இரண்டும் கலந்த எண் வைத்தால் அந்தச் சமச்சீரும் போய்விடும். கலைக்கு அந்தக் கலப்புதான் நல்லது. ஒருபக்கம் கரைந்தும் மறுபக்கம் முழுதாகவும் நிற்கும் மொட்டுகளில் முழுச் சமச்சீர் தராத ஓர் உயிர்ப்பு இருக்கிறது.

தொடக்க எண்ணின் அளவு 2-ஐத் தாண்டியதும் கறுப்பு அடியோடு மறைந்துவிடும். ஆனால் தூசி சாகாது. தொடக்கம் 10 என்றால், அது −100-ஐச் சுற்றிப் போய் அடைகிறது. மெய்யச்சில் −90 முதல் ஏறக்குறைய −111 வரை. படம் காலியாகிவிட்டது என்று நினைத்து மூடிவிடுபவர் இந்தத் தீவை ஒருநாளும் காண மாட்டார்.

இனி நான் மிகவும் விரும்பும் வெட்டு. மாண்டல்பிராட் படத்தின் மேல் மொட்டுக்கு மேலே, −0.1011 மெய்ப்பகுதியும் 0.9563 கற்பனைப் பகுதியும் கொண்ட ஒரு புள்ளி. மூன்று இழைகள் அங்கே சந்திக்கின்றன, ஏறக்குறைய 120 பாகை இடைவெளியில், அநேகமாக நேராக. அதே எண்ணைக் கூட்டும் எண்ணாக வைத்து ஜூலியா படம் வரைந்தால், நடுவில் ஆறு கைகள் கொண்ட நட்சத்திரம். மூன்று எப்படி ஆறாயிற்று என்பதற்கு விடை மறுபடி வர்க்கம்தான்: ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு வர்க்கமூலங்கள், ஒவ்வொரு கைக்கும் இரண்டு நிழல்கள். இத்தகைய புள்ளிகளில், ஜூலியா படத்தின் நடுவில் அல்லாமல் அதே எண் இருக்கும் இடத்தில் பார்த்தால், இரண்டு படங்களும் நுண்ணளவில் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்று 1990-இல் டான் லெய் என்ற கணிதவியலாளர் நிறுவினார்.

ஆறு கைக்கும் மூன்று கைக்கும் நடுவில் என்ன இருக்கிறது? நான்கு பரிமாணத்தில் ஜூலியா தளத்திலிருந்து மாண்டல்பிராட் தளத்தை நோக்கி மெல்லச் சாய்த்து வெட்டிப் பார்த்தால் தெரியும். ஒரு பாகை சாய்த்ததும், ஆறு கை நட்சத்திரம் இரண்டு மூன்று கை நட்சத்திரங்களாகப் பிரிகிறது. ஒன்று நடுவிலேயே நிற்கிறது. மற்றது இடப்பக்கமும் சற்று மேலுமாக, சுமார் 0.014 தொலைவுக்கு விலகுகிறது. ஐந்து பாகையில் அந்த விலகல் சுமார் 0.07. எட்ட நின்று பார்த்தால் இன்னும் ஆறு கைகளே தெரியும். கிட்டப் போனால்தான் மையம் ஒன்றல்ல, இரண்டு என்பது புலப்படும். இரண்டுக்கும் நடுப்புள்ளியைச் சுற்றிப் படத்தை அரைச் சுற்று திருப்பினால் அநேகமாக அதே படம் வருகிறது. மேலும் சாய்க்கச் சாய்க்க இரண்டாவது நட்சத்திரம் விலகிக்கொண்டே போகும்; நிற்பது மட்டும் மாண்டல்பிராட்டின் மூன்று கைச் சந்திப்பாக முதிரும். இந்த மாற்றத்தில் ஏதோ ஒரு கணத்தை நிறுத்திச் சட்டமிடுவதுதான் ஓவியரின் வேலை. என் கண்ணுக்கு இரண்டு பாகையிலிருந்து ஐந்து பாகைக்குள்தான் அழகு அதிகம். அங்கே பிரிவும் தெரிகிறது, பிரிவதற்கு முந்தைய ஒற்றுமையும் விட்டுப்போகவில்லை.

அதே மூன்று கைப் புள்ளியை வேறொரு வாள்கோணத்தில், கூட்டும் எண்ணின் மெய்ப்பகுதியும் தொடக்க எண்ணின் கற்பனைப் பகுதியும் அச்சுகளாக வரும்படி வெட்டினால் நட்சத்திரமே கிடைக்காது. நேராக ஓடிய கைகளில் ஓரிரண்டு மட்டும் அகப்பட்டு, ஒவ்வொன்றும் பக்கவாட்டில் படுத்த பரவளையமாக வளைந்துவிடுகிறது. அவற்றின் மூக்கு எல்லாம் ஒரே புள்ளியில். மாண்டல்பிராட்டிலும் ஜூலியாவிலும் எத்தனை ஆழம் போனாலும் கோணங்கள் குலையாமல் இருக்கும். சிறு வட்டம் வட்டமாகவே இருக்கும். கலப்பு வெட்டில் அந்தக் காவல் இல்லை. உருவங்கள் இழுபடுகின்றன, நசுங்குகின்றன, சரிகின்றன. ஃபிராக்டல் படங்களில் சலிப்பு தட்டியவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும். வழக்கமான சுருள்களின் இனிப்பு இதில் கிடையாது. காற்றில் சாய்ந்த நாணலின் விரைப்பு உண்டு.

முப்பரிமாணப் படங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஹாமில்டன் 1843-இல் கண்ட நான்கு கூறு எண்களைக் கொண்டு 1982-இலேயே ஐபிஎம்மின் ஆலன் நார்ட்டன் ஜூலியா உருவங்களுக்குப் பருமன் கொடுத்தார். 2009-இல் டேனியல் வைட், பால் நைலாண்டர் இருவரின் முயற்சியில் வந்த மாண்டல்பல்ப் பெரிய வியப்பு. ஆனால் அவற்றில் விளக்கும் நிழலும் பளபளப்பும் கண்ணை முதலில் கவர்ந்துகொள்கின்றன. தட்டையான சாய்வெட்டில் ஒளிய இடமில்லை. எந்தப் புள்ளி, எந்தக் கோணம், எந்த நிறவரிசை என்ற மூன்று தேர்வுகளிலேயே ஓவியரின் ரசனை முழுவதும் வெளிப்பட்டுவிடும்.

வர்க்கத்துக்குப் பதிலாகக் கனத்தை வைத்தால், அதாவது எண்ணை மூன்று முறை பெருக்கிப் பிறகு கூட்டினால், நட்சத்திரங்களின் கைகள் இரட்டிப்பாவதற்குப் பதில் மும்மடங்காகும். சாய்க்கும்போது நடு நட்சத்திரம் மூன்றாகப் பிரியும்: ஒன்று நடுவில் நிற்க, மற்ற இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் விலகும். விலகும் வேகமும் வேறு. வர்க்கத்தில் சிறிய சாய்வு நான்கு மடங்கானால் இடைவெளியும் நான்கு மடங்காகும். கனத்தில் இரண்டு மடங்குதான். ஆனால் முதல் ஒரு பாகையிலேயே அது வெகுதூரம் தாவிவிடுகிறது. அதனால் கனத்தின் அழகான வெட்டுகளைத் தேடுபவர் ஒரு பாகைக்கும் கீழே, அதன் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்று கோணத்தை நுணுக்கிக்கொண்டே போக வேண்டும்.